கதவு நிலையில் வாப்பா போட்ட கோடு

மகன்,

இந்தக் கடிதத்தை நீ கையில் எடுக்கும்போது வாசலில் பூச்சோடித்த வாகனம் ஒன்று நிற்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நம்முடைய ஊர்களில் கலியாணம் முடித்தால் பெண் பிள்ளை வீட்டை விட்டுப் போவதில்லை, ஆண் பிள்ளைதான் போகிறான். உன் வாப்பாவும் அப்படித்தான் நிந்தவூரிலிருந்து ஒரு சூட்கேசோடும் ஒரு மேசை விசிறியோடும் இந்த வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் தாதி உன்னைத் தூக்கிக் காட்டி, "ஆம்புளப் பிள்ள" என்று சொன்ன நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது, உன்னை நான் இன்னொரு வீட்டுக்காகத்தான் வளர்க்கப் போகிறேன் என்று. ஆகவே இது திடீரென்று வந்த நாள் இல்லை. உனக்குத் தருவதற்கு என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. இந்தக் கடிதமும், இதோடு றப்பர் பட்டி போட்டுக் கட்டிய மூன்று பிளாஸ்டிக் காட்டுகளும்தான். காட்டுகள் காலாவதியாகிவிட்டன. தூக்கி எறிந்துவிடாதே.

நான் பிந்தித்தான் எழுதுகிறேன். எழுத வேண்டியது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கு உனக்கு ஒன்பது வயது, எனக்கு முப்பத்திரண்டு. நீ அஸர் தொழுகைக்குப் பிறகு குர்ஆன் ஓதப் போய் வருகிற இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி, உன் செருப்புச் சத்தம் கேட்டதும் அலுமாரியில் உடுப்புக்குக் கீழே வைத்துவிடுகிறேன். நீ வளர்ந்த பிறகு நேரில் சொல்லலாமே என்று நினைப்பாய். உன் வாப்பா முப்பத்தேழு வயதில் கட்டாரில் ஓர் அறையில் படுத்தவர் எழும்பவில்லை. அதற்குப் பிறகு நான் பிறகு என்று எதையும் வைப்பதில்லை. கெம்பஸில் நான்கு வருடம் படித்தவள், எவ்வளவோ கட்டுரை எழுதியவள், ஆனால் இதில் ஒரு பக்கம் எழுத எனக்கு மூன்று நாள் போகிறது.

காட்டுகளின் கதையை முதலில் சொல்கிறேன். வாப்பா கடைசியாக லீவில் வந்தது நாற்பது நாளைக்கு. அப்போது உனக்கு ஏழு வயது. காரைதீவைத் தாண்டி, மெயின் ரோட்டில் வயல் பக்கமாகத் தண்ணீர்ச் சறுக்குகளும் ராட்டினமும் வைத்து ஒரு பார்க் புதிதாகத் திறந்திருந்தார்கள். ஒரு நாள் டிக்கட்டும் இருந்தது, வருசக் காட்டும் இருந்தது. வருசக் காட் வாங்கினால் அவர்களுடைய கணினியில் நம் படத்தைப் பதிந்துவிடுவார்கள், பிறகு ஒரு வருடத்துக்கு எத்தனை தரம் வேண்டுமானாலும் போகலாம். நம் பக்கத்தில் யாரும் அப்படி ஒன்றை வாங்கி நான் கேள்விப்பட்டதில்லை. பெருநாளுக்கு ஒருக்கா போவது, பாடசாலைச் சுற்றுலாவில் ஒருக்கா போவது, அவ்வளவுதான் எங்களுக்குப் பார்க் என்பது. உன் வாப்பா எனக்குச் சொல்லாமல் போய், போனில் இருந்த படங்களைக் கொடுத்து மூன்று காட் அடித்துக்கொண்டு வந்தார். என்னுடையதில் இருப்பது கலியாண அல்பத்துப் படம், கழுத்தை நீட்டிக்கொண்டு பயந்துபோய் இருக்கிறேன். உன்னுடையதில் கண் மூடியிருக்கிறது. அவர் மட்டும் சிரிக்கிறார்.

"நாப்பது நாள் லீவுல வந்த மனிசனுக்கு வருசக் காட்டாம்," என்றேன்.

"நான் இல்லாத நாளையும் சேத்துத்தான் புள்ள வாங்கினன்."

"நீங்க இல்லாம நாங்க என்னத்துக்கு அங்க?"

"அதுக்குத்தான் வாங்கினது. இல்லாட்டி நீங்க ரெண்டு பேரும் நான் வரும் வரைக்கும் வீட்டுக்குள்ளயே கிடப்பீங்க."

அவர் சொன்னது சரி. நான் பயந்த ஆள். உன்னை நடக்கப் பழக்கும்போதே மேசை மூலைகளுக்குத் துணி கட்டியவள். கடல் இத்தனை கிட்ட இருந்தும் ஏழு வயதுவரை உன் கால் கடலில் பட்டதில்லை. அவர் அதற்காக என்னோடு ஒருநாளும் சண்டை பிடிக்கவில்லை. வேறு வழிகளில் சுற்றி வருவார். இந்தக் காட்டும் அப்படி ஒரு சுற்று வழிதான்.

அடுத்த நாளே கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு லீவு நாட்களில் கிழமை தெரியாது, எனக்கும் அந்த அவசரத்தில் தோன்றவில்லை. அது செவ்வாய்க்கிழமை. பார்க் கேட்டில் காட்டை வைத்துப் பார்க்கும் மெசினுக்குப் பின்னால் காரைதீவுப் பிள்ளை ஒருத்தி இருந்தாள், இருபது இருபத்தொரு வயதிருக்கும். அவள் எங்கள் மூவரின் முகமும் திரையில் வந்ததைப் பார்த்தாள், பிறகு வாப்பாவைப் பார்த்தாள்.

"சேர், இண்டைக்கு லேடீஸ் டே. பொம்புளையளும் சின்னப் பிள்ளைகளும் மட்டும்தான்."

"வருசம் முழுக்க வரலாம் எண்டுதானே தங்கச்சி காட் தந்தீங்க?"

"காட் வருசத்துக்குத்தான் சேர். செவ்வாய்க்கிழமை மட்டும் ஆம்புளையளுக்கு ஏலா. பின்பக்கம் எழுதியிரிக்கி பாருங்க."

"அப்ப இவன விடுறீங்க? இவனும் ஆம்புளதானே?"

"பத்து வயசுக்குக் கீழ எண்டா ஆம்புள இல்ல சேர்."

"நான் ஆம்புளதான்!" என்று நீ கத்தினாய். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் நின்ற ஒரு மாமி, "தம்பி, நீங்க ஒரு அபாயாவப் போட்டுட்டு வாங்க, நாங்க ஒண்டும் சொல்ல மாட்டம்," என்றார். உன் வாப்பாதான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். எங்களை உள்ளே விட்டுவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தேத்தண்ணிக்கடை வாங்கில் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டரை மணித்தியாலம். நீ ஒவ்வொரு சறுக்கலும் முடிய ஈரத்தோடு வேலிக்கு ஓடிப்போய், "வாப்பா!" என்று கூப்பிடுவாய். அவர் பிளேன்டீக் கோப்பையை உயர்த்திக் காட்டுவார். நான் தண்ணீரில் இறங்கவில்லை. மடியில் பையை வைத்துக்கொண்டு, கால் நனையாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். வரும்போது ஓட்டோவுக்குள், "காட் வாங்கின மனிசன் வெளிய, வேணாம் எண்டவ உள்ள" என்று அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பிட்டுவிட்டு மூன்று பேருமாகப் போனோம். அன்றைக்குத்தான் அந்தப் பெரிய சறுக்கை நீ பார்த்தாய். நீல நிறம், குழாய் போல மூடியது, மேலே ஏறினால் நிந்தவூர் வயல் வரைக்கும் தெரியும் என்றார்கள். படிக்கட்டின் அடியில் உயரம் பார்க்கும் பலகை ஒன்று இருந்தது. அதில் உள்ள சிவப்புக் கோட்டைத் தலை தொட்டால்தான் மேலே விடுவார்கள். நீ செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றாய். இரண்டு விரல் குறைந்தது. அங்கே நின்ற தம்பி நல்ல பிள்ளை, "ரெண்டு விரல்தானே ராத்தா, வாப்பாட மடியில வெச்சிட்டு வரட்டும்," என்றான். உன் வாப்பா உன்னைத் தூக்கிவிட்டார். நீ அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். நான்தான், "வேணாம். கோடு எண்டா கோடுதான். எறக்கி விடுங்க," என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்படியே உன்னை இறக்கிவிட்டார்.

"சரி மகன். காட் வருசத்துக்கு இரிக்கி. அடுத்த லீவுக்கு நான் வரக்குள்ள நீங்க வளந்திருவீங்க. அப்ப ரெண்டு பேரும் போவம்."

பிறகு அவரே அந்தப் பலகையோடு ஒட்டி நின்று பார்த்தார். சிவப்புக் கோடு அவருடைய சேர்ட் பையின் அடிவிளிம்புக்குச் சரியாக வந்தது. வீட்டுக்கு வந்ததும் உடுப்பு மாற்றாமல், நம் அறைக் கதவு நிலையில் சாய்ந்து நின்று, பையின் அடிவிளிம்புக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். கதவுக் கொளுக்கிக்குச் சற்று மேலே. "இதுதான் பார்க் கோடு. வெள்ளிக்கு வெள்ளி உம்மாவ அளக்கச் சொல்லுங்க," என்றார். உன் வாப்பா கடிதம் எழுதுகிறவர் இல்லை, எல்லாம் குரல் பதிவுதான். யோசித்துப் பார்த்தால் இந்த வீட்டில் அவர் கையால் எழுதியது அந்தக் கோடு ஒன்றுதான்.

அந்த லீவில் இன்னும் மூன்று தரம் போனோம். பிறகு அவர் போய்விட்டார். அவர் போய் மூன்று மாதத்தில், ஒரு காலைப்பொழுது, நீ பாடசாலையில் இருந்தாய், நான் அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன், கட்டார் நம்பரில் இருந்து கோல் வந்தது. அவரோடு ஒரே அறையில் இருக்கிறவர். ஸலாம் சொல்லிவிட்டு, "வீட்டுல ஆம்புள யாராச்சும் இரிக்கிறாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சரி, நான் பிறகு எடுக்கிறன்," என்று வைத்துவிட்டார். நான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வளவில் என் தங்கச்சி, உன் சாச்சியின் வீட்டில் சாச்சாவின் போன் அடிக்கும் சத்தம் மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. இரண்டு தரம் அடித்து, எடுத்தார்கள். பால் பொங்கியது. அடுப்பை நிறுத்தி, சிந்தியதைத் துடைத்து, துணியை அலசிக் கொடியில் போட்டேன். சாச்சா வந்து வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றபோது எனக்கு அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு, எல்லோரும் வந்து வீடு நிறைந்த பிறகு, திரும்பவும் வந்து அதே இடத்தில் நின்றார். "மச்சி, அங்கேயே அடக்கவா, இஞ்ச அனுப்பவா எண்டு கேக்கிறாங்க. அனுப்ப நாள் செல்லுமாம்." நான், "அங்கேயே அடக்கட்டும்," என்றேன். அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டேன். ஜனாஸாவை நாள்கணக்கில் வைத்திருக்கக்கூடாது என்று நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள், அதனால் சொன்னேன். ஆனால் அதனால் மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது. பெட்டியைத் திறந்து காட்டுவார்களோ என்று பயந்தும் சொல்லியிருப்பேன்.

நான் அழவில்லை. இதை நீ யாரிடமாவது கேள்விப்பட்டிருப்பாய், என்னிடமிருந்தும் கேட்டுக்கொள். வெள்ளை உடுத்திக்கொண்டு இத்தாவில் இருந்தேன். நாலு மாதம் பத்து நாள், வெளியே இறங்காமல். வந்தவர்கள் அழுதார்கள், நான் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். கை எரிந்தாலும் கொஞ்சம் பிந்தித்தான் தெரியும். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். உனக்கும் நான் ஒழுங்காகச் சொல்லவில்லை. சாச்சிதான் உன்னை மடியில் வைத்துச் சொன்னாள். நீ கேட்டுவிட்டு வந்து, என் அருகில் இருந்து, "அப்ப பார்க்குக்கு?" என்றாய். உன் சாச்சி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். பிள்ளை ஒன்றும் விளங்காமல் கேட்கிறது என்று அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சாச்சி உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். காட்டில் பதிந்த தாயோ தகப்பனோ வந்தால்தான் பிள்ளையை விடுவார்களாம். தகப்பன் இல்லை, தாய் இத்தாவில். ஆகவே நீ வீட்டில் இருந்தாய். ஆனால் வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்து கதவு நிலையில் நிற்பதை மட்டும் நீ விடவில்லை. நான் ஒரு கொப்பியை உன் தலையில் தட்டையாக வைத்து அளப்பேன். முதலில் ஒன்றரை விரல் குறைந்தது. பிறகு ஒரு விரல். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கொப்பி கோட்டில் போய்ச் சரியாக நின்றது.

நான் உனக்கு, "இன்னும் கொஞ்சம் இரிக்கி மகன். போய்ச் சாப்பிடுங்க," என்றேன். நீ போனாய். நான் ஈரத்துணியை எடுத்து வந்து அந்தக் கோட்டைத் துடைத்தேன். லேசில் போகாது என்று நினைத்தேன், ஒரே இழுப்பில் போய்விட்டது. உன் பென்சிலால் இரண்டு விரல் மேலே வேறு கோடு போட்டேன். இதைச் சொல்லத்தான் மகன் இவ்வளவும் எழுதுகிறேன். உன் வாப்பா இந்த வீட்டில் விட்டுப்போன ஒரே கையெழுத்தை நான் அழித்தேன். நீ எட்டக்கூடாது என்பதற்காக அழித்தேன். நீ எட்டிவிட்டால் அந்த இருட்டுக் குழாய்க்குள் தனியாகப் போவாய், அது ஒன்று. அவர் சொன்ன கடைசி வேலையும் அவர் இல்லாமல் முடிந்துவிடும், அது மற்றது. எது பெரிய காரணம் என்று அப்போதும் தெரியவில்லை. எனக்குள் ஒன்றும் அசையவில்லை. துணியைப் பிழிந்து காயப் போட்டேன்.

இத்தா முடிந்தபோது காட் முடிய இன்னும் மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தது. வெள்ளை கழற்றிய கிழமையிலேயே நீ காட்டுகளை எடுத்து என் கையில் வைத்தாய். எந்த நாள் போவோம் என்று கேட்டபோது, நான் யோசிக்காமல் செவ்வாய் என்றேன். பிறகும் ஒவ்வொரு கிழமையும் செவ்வாய்தான். பாடசாலை விட்டதும் வெள்ளைக் களிசானோடேயே உன்னை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன். காரணம் உனக்கு அப்போது சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை போனால் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வாப்பாவின் தோளில் இருக்கும். செவ்வாய்க்கிழமை அந்தப் பார்க்கில் ஒரு பிள்ளைக்கும் வாப்பா இல்லை. உன்னையும் என்னையும் பார்த்து எதுவும் குறைகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. உன் வாப்பா உயிரோடு இருந்தாலும் அன்றைக்கு வெளியேதான் இருந்திருப்பார்.

கேட்டில் அதே பிள்ளைதான். மெசினில் ஒரு காட்டை வைத்தாலே மூன்று முகமும் வந்துவிடும். எங்களைக் கண்டதும் அவளுக்குப் பழைய பகிடி ஞாபகம் வந்து, "என்னக்கா, இண்டைக்கும் சேர் வெளியதானா?" என்று சிரித்தாள்.

"ஓம். வெளியதான்," என்றேன் நான்.

நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். திரும்பி ரோட்டுக்கு அந்தப் பக்கம் அந்தத் தேத்தண்ணிக்கடை வாங்கைப் பார்த்தாய். இரண்டு பேர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு நீ உள்ளே வந்தாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் அவள் கேட்பாள், நான் அதையே சொல்வேன். சின்னச் சறுக்குகளில் நீ விளையாடுவாய். நான் கால் நனையாத என் இடத்தில் இருப்பேன். பெரிய சறுக்கின் பக்கம் போவதில்லை, ஏனென்றால் வீட்டுக் கோட்டில் உனக்கு இன்னும் குறைகிறது. கொப்பி மேலே வரவர, இன்னுமொருக்கா நான் கோட்டை மேலே ஏற்றியிருந்தேன்.

கடைசிச் செவ்வாய் வந்தது. காட் அந்த வியாழனோடு முடிகிறது. நீ பையில் துவாயை வைத்துக்கொண்டே கேட்டாய், "உம்மா, கடைசியா ஒருக்கா பார்க் பலகையில அளந்து பாப்பமா?" மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பலகையில் நின்றால் சிவப்புக் கோடு உன் நெற்றிக்கு வரும் என்று எனக்குத் தெரியும், என் களவு அங்கே வெளியே வரும் என்பதும் தெரியும். வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். நீ என்னைப் பார்த்து என்ன கேட்பாய், நான் என்ன சொல்வேன். வீட்டுக் கதவு நிலை ஈரத்துக்கு உப்பியிருக்கும் என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

அன்றைக்குப் பெரிய சறுக்கின் அடியில் காவலுக்கு நின்றவளும் அந்தக் காரைதீவுப் பிள்ளைதான். செவ்வாய்க்கிழமை அங்கேயும் பெண்கள்தான் நிற்பார்கள், வேறு யாரோ வராததால் அவளை அனுப்பியிருந்தார்கள். சின்னச் சறுக்குகளில் நனைந்து வந்து நீ செருப்பைக் கழற்றினாய். பலகையில் முதுகைச் சேர்த்து நின்றாய். தலை சிவப்புக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது.

எனக்கு விளங்கவில்லை. அப்படி இருக்க முடியாது. நான் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், இரண்டு விரல் கீழேதான்.

அந்தப் பிள்ளை குனிந்து உன் கால்களைப் பார்த்தாள். "தம்பி, முழங்கால நேராக்குங்க."

நீ அசையவில்லை.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அக்கா, எல்லாப் பிள்ளைகளும் குதியத் தூக்கி நிண்டுதான் எங்கள ஏமாத்துறது. முழங்கால மடக்கிற பிள்ளைய நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்."

நீளக் களிசான் தண்ணீரில் நனைந்து ஒட்டியிருந்ததால்தான் அவளுக்கும் எனக்கும் அது தெரிந்தது. வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் நீ சாரம் உடுத்துக்கொண்டு வந்து நிற்பாய். நான் கொப்பியைத்தான் பார்ப்பேன், காலைப் பார்க்க மாட்டேன். மேலே நான் கோட்டை உயர்த்திக்கொண்டிருந்தேன், கீழே நீ உன்னைக் குறைத்துக்கொண்டிருந்தாய். எத்தனை வெள்ளிக்கிழமை என்று தெரியவில்லை.

"நிமிந்து நில்லுங்க மகன்," என்றேன்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் அதே சொல்லைத் திரும்பச் சொன்னேன். நீ நிமிர்ந்தாய். சிவப்புக் கோடு உன் நெற்றிக்கு நடுவில் வந்தது. "ஓ, எவ்வளவு வளந்த பிள்ள," என்று அவள் சொல்லி வழிவிட்டாள். நீ படியில் ஏறினாய், ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சறுக்கு வந்து விழும் இடத்துக்குப் போனேன். அந்தத் தொட்டிக்குள் அபாயாவோடு, சப்பாத்தோடு இறங்கினேன். யாரோ "ராத்தா, சப்பாத்து!" என்று கூப்பிட்டார்கள். தண்ணீர் முழங்கால் வரைக்கும் வந்தது, குளிராக இருந்தது. குளிராக இருந்தது என்று எனக்குத் தெரிந்தது, அதை நீ குறித்துக்கொள்ள வேண்டும். பால் பொங்கிய அந்தக் காலைக்குப் பிறகு என் உடம்பில் ஒன்று பிந்தாமல் தெரிந்தது அன்றைக்குத்தான்.

முதலில் சத்தம் வந்தது, பிறகு உன் கால் வந்தது, பிறகு நீ. தண்ணீருக்குள் போய் எழும்பி, மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் நடந்து வந்தாய்.

"உள்ளுக்க இருட்டு உம்மா. கொஞ்ச நேரம்தான்."

"பயந்தீங்களா?"

"ஓம்."

"திரும்பப் போகப் போறீங்களா?"

"ஓம்."

ஏழு தரம் போனாய். நான் ஏழு தரமும் தண்ணீருக்குள்ளேயே நின்றேன்.

வெளியே வரும்போது அவள் திரும்பக் கேட்டுக்கு வந்திருந்தாள். "அக்கா, வியாழனோட காட் முடியுது. புதுசாக்குவமா? மூணு பேருக்கும்தானே?" திரையில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நான், "இல்ல தங்கச்சி. இவர் மவுத்தாயிட்டாரு," என்றேன். அந்தச் சொல்லை அதுவரை நான் வாயால் சொன்னதில்லை. எல்லோரும் எனக்குத்தான் சொன்னார்கள், நான் யாருக்கும் சொல்ல வேண்டி வரவில்லை. அவள் மெசினின் திரையைக் கையால் மூடிக்கொண்டாள், அந்தப் படத்தை என்னிடமிருந்து மறைப்பதுபோல. முடிந்த காட்டுகளை அவர்கள் வாங்கிக்கொள்வது வழக்கமாம். அவள் மூன்றையும் சேர்த்து என் பக்கம் தள்ளிவிட்டாள். நீ எட்டிப் பார்த்து, "அக்கா, வெளியதான் எண்டு உம்மா சொன்னது பொய்யில்ல," என்றாய். அவள் தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

ஓட்டோவுக்குள் ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். நீ வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "வாப்பா வரக்குள்ளதானே வளரணும் எண்டு சொன்னாரு. முதல்லயே வளந்தா சரியில்லையே." அவர் வரமாட்டார் என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் மடக்கியிருக்கிறாய். நான் துவாயை எடுத்து உன் ஈரத் தலையைத் துடைத்தேன்.

வீட்டுக்கு வந்து, உன்னைக் கதவு நிலைக்குக் கூட்டிக்கொண்டு போய், நான் செய்ததைச் சொன்னேன். துணியால் துடைத்தேன், வேறு கோடு போட்டேன், இரண்டு தரம் செய்தேன் என்று சொன்னேன். எங்கே இருந்தது என்று எனக்கும் இப்போது தெரியாது, அதற்குத்தான் மாப்புக் கேட்கிறேன் என்றேன். நீ நிலையை மேலும் கீழும் பார்த்தாய். பிறகு கொளுக்கிக்கு மேலே ஒரு விரலை வைத்தாய். "இஞ்ச உம்மா. இந்த ஆணித் தலைக்கு நேர. எனக்குத் தெரியும்." நான் உன் பென்சிலை எடுத்து, உன் விரலுக்குக் கீழே கோடு போட்டேன். அப்போதுதான் அழுகை வந்தது. நீ போய்த் தண்ணீர் கொண்டு வந்து தந்தாய். அதில் உப்பு இருந்ததா என்று கேட்காதே, என் கண்ணீர்தான் கோப்பைக்குள் விழுந்தது.

இனி நீ போகிற வீட்டைப் பற்றி. உனக்கு வருகிறவளும் என்னைப்போல் பயந்தவளாக இருக்கலாம். அவள் எல்லோருக்கும் முன்னால் சத்தமாக வேண்டாம் என்பாள். அவளோடு கோபிக்காதே, ஆனால் உடனே பிள்ளையை இறக்கியும் விடாதே. கொஞ்ச நேரம் கையில் வைத்திரு, அவளோடு கதைத்துப் பார். உன் வாப்பா என் சொல்லுக்கு உடனே இறக்கிவிட்டார், அந்த ஒரு சறுக்கல் உங்கள் இருவருக்கும் இல்லாமல் போனது என்னால்தான். மற்றது, உனக்குக் கவலை வந்தால் கவலை என்று சொல். நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே கதவடியில், ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் ஏமாற்றிக்கொண்டு நின்றோமே, அப்படி உன் வீட்டில் யாரையும் நிற்கவிடாதே. யாருக்காகவும் முழங்காலை மடக்காதே, எனக்காகவும் வேண்டாம்.

கலியாணத்துக்கு முன் இந்த வீட்டுக்கும் பெயிண்ட் அடிப்பார்கள். அந்த நிலையை மட்டும் விடச் சொல்லிவிட்டுத்தான் நீ வெளிக்கிட வேண்டும். இடது பக்கம், கொளுக்கிக்கு மேலே, ஆணித் தலைக்கு நேராக. கோடு நான் போட்டதுதான். ஆனால் இடம் அவருடையது, நீ காட்டித் தந்தது. வாகனத்தில் ஏறுவதற்கு முன் ஒருக்கா வந்து அதன் அருகில் நில். அது அப்போது உன் சேர்ட் பைக்கு நேரே வரும் என்றுதான் நினைக்கிறேன். நான் பார்க்க வேண்டும்.

செருப்புச் சத்தம் கேட்கிறது, நீ வந்துவிட்டாய். மடித்து வைக்கிறேன்.

உன் உம்மா